ஆர்லின் கோசிக் தன் சேமிப்பை இடம் மாற்றிய காரணம்

தபால் பெட்டியின் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டால் டாமராக் ஃபால்ஸில் அது சாதாரணக் குளிர். கதவைத் திறக்கப் போன தபால்காரரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டால்தான், "இன்னிக்குக் கொஞ்சம் சில்லுன்னு இருக்குல்ல?" என்று ஊரார் ஒப்புக்கொள்வார்கள். விஸ்கான்சினின் வடகோடியில் இருக்கிற அந்த ஊரில், அப்படி ஒரு ஜனவரிக் காலையில், ஆர்லின் கோசிக் தன் பெட்டியைச் சுத்தியலால் தட்டித் திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஓர் உறை. அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பத்திரிகையும் இல்லை, கல்யாணமும் இல்லை. அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் நாலாயிரம் டாலர் பழைய மாதிரிக் கணக்கிலிருந்து ராத் கணக்குக்கு மாறியிருக்கிறது என்று வங்கி அரசாங்கத்துக்கு எழுதி, அவருக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தது. வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய காகிதம்.

மற்றவர்கள் இப்படி மாற்றுவதற்குக் காரணம் வேறு. பழைய மாதிரிக் கணக்கில் பணம் போடும்போது வரி கிடையாது, எடுக்கும்போது உண்டு. ராத் அதற்குத் தலைகீழ். இன்றைக்கே வரியைக் கட்டி மாற்றிவிட்டால், பிறகு அது எவ்வளவு வளர்ந்தாலும் அரசாங்கம் கை வைக்காது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிறவர்கள், பேரன் பேத்திக்கு விட்டுப்போக நினைக்கிறவர்கள் செய்கிற காரியம். ஆர்லினுக்கு வயது அறுபத்தாறு. பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. அவர்களை உண்டாக்கித் தரக்கூடிய எந்தப் பெண்ணையும் அவர் அந்த வீட்டு வாசற்படி ஏற்றியதில்லை. அவர் பணத்தை மாற்றியது பேச்சுத் துணைக்காக.

ஆர்லின் முப்பத்தெட்டு வருஷம் ஊர்க் காகித ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரம் ஓடுகிறபோது பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும், யாரோ இருமினான் என்றுதான் நினைப்பார்கள். அதனால் ஆலைக்காரர்களுக்கு எல்லாப் பேச்சும் கையால்தான். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். தோளில் இரண்டு விரல் வைத்தால் மேலாளர் வருகிறார். அந்த இரண்டு விரலும் தள்ளாடினால், மேலாளர் மதியமே பிராந்தி போட்டுவிட்டு வருகிறார். இந்தக் கைப்பாஷையில் ஆர்லின் பெரிய வாயாடி. ஒருமுறை அவர் கையாலேயே சொன்ன கரடிக் கதையைக் கேட்டு ஒருவன் சிரித்துச் சிரித்துக் காகிதக் கூழ்த் தொட்டியில் விழுந்தான் என்பார்கள். அவனை வெளியே எடுத்துக் காயவைத்தபோது அவன் மேல் பேனாவால் எழுத முடிந்தது என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

அறுபத்திரண்டில் ஓய்வு பெற்றார். கையோடு பேச்சும் ஓய்வு பெற்றுவிட்டது. அம்மா அதற்குப் பத்து வருஷம் முன்பே போய்விட்டாள். அண்ணன் அரிசோனாவில் செத்துப்போனார். வீட்டுத் தொலைபேசி ஒருநாள் மணியடித்தபோது, அது அடுப்பின் நேர மணி, எதையோ உள்ளே வைத்து மறந்துவிட்டோம் என்று நினைத்து ஆர்லின் போய் அடுப்பைத் திறந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததால், அடுப்பு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தார்.

வருஷத்தில் ஒரு நாள், ஒரு ஆள் மட்டும் அவரைப் பற்றி அவரிடமே விசாரிப்பதுண்டு. ஊர் நூலகத்தின் நிலவறையில், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் செவ்வாயும் வியாழனும், வயதானவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதித் தருவார்கள். எழுதித் தருகிறவர்களும் வயதானவர்களே. பரீட்சை எழுதித் தேறிய தொண்டர்கள். அதில் மூன்றாவது மேசை வெர்னா ஹோல்முடையது. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்த அம்மாள். கணவரும் உண்டு, கோழிகளும் உண்டு. கணக்கு எழுதுவதற்கு முன்னால் அவள் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பது சட்டம்.

"ஸ்ப்ரூஸ் தெருவுலதான் இன்னும் இருக்கீங்களா, ஆர்லின்?"

"ஆமா."

"கூட வேற யாராவது குடியிருக்காங்களா?"

"ஒரு அணில். வாடகை குடுக்கறதில்ல."

"போன வருஷத்துல கல்யாணம் ஏதும் பண்ணிக்கிட்டீங்களா?"

"நான் ரெடி. யாரும் கேக்கல."

வெர்னா சிரிப்பாள். இந்தப் பதில்களை ஆர்லின் அக்டோபரிலிருந்தே தயார் செய்வார். ஆனால் ஓய்வூதியம் ஒன்று, அரசாங்க முதியோர் பணம் ஒன்று, வங்கி வட்டி பதினோரு டாலர். அவருடைய வரவு இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு வெளியே வரப் பன்னிரண்டு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் அச்சு இயந்திரம் எடுத்துக்கொள்ளும்.

போன வருஷம் பக்கத்து மேசையில் க்ளென் யாங்கி உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரையில் இரண்டு குடிசைகளை வாடகைக்கு விடுகிறவன், மாடு விற்றவன், மாமனார் சொத்தில் பங்கு வாங்கியவன். அவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் காப்பி கொடுத்தார்கள். ஓட்ஸ் பணியாரத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்கள். மாடு எதற்கு விற்றாய், மாமனார் எப்படிச் செத்தார், குடிசைக் கூரை ஒழுகுகிறதா என்று எல்லாம் கேட்டார்கள். ஆர்லின் கோட்டை மெதுவாக, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு, மாமனார் செத்த வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் படி ஏறினார்.

அந்த நவம்பரில் வங்கிக்குப் போய் நாலாயிரத்தை மாற்றினார். "எதுக்கு மாத்துறீங்க, சார்?" என்று கேட்ட பெண்ணிடம், "வரிக்கு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜனவரியில் உறை வந்ததும், அதோடு சேர்க்க வேண்டியதெல்லாம் எது என்று பழைய பெட்டிகளைக் கிளறினார். ஆலைக்காரர்கள் எதையும் எறிய மாட்டார்கள். 1996ஆம் வருஷத்து 8606ஆம் படிவம் ஒன்று அகப்பட்டது. ஆலையில் கூடுதல் நேர வேலை குவிந்த மூன்று வருஷம், சம்பளம் வரம்பைத் தாண்டியதால், சேமிப்பில் போட்ட பணத்துக்கு வரிச்சலுகை கிடைக்கவில்லை. வரி கட்டிய பணத்தையே வருஷத்துக்கு இரண்டாயிரமாகப் போட்டிருந்தார். ஆக மொத்தம் ஆறாயிரம் டாலருக்கு அன்றைக்கே வரி கட்டியாயிற்று என்று அந்தப் பழுப்புத் தாள் சாட்சி சொன்னது. ஆர்லினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிக்கலுக்குள் ஒரு சிக்கல்! இரண்டு மணி நேரமே ஆனாலும் ஆகும்.

பிப்ரவரி இரண்டாம் செவ்வாய், தாடையை இரண்டு முறை மழித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நிலவறை வாசலில் வரிசையைக் கவனிப்பவர் ரஸ் டிட்மார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"வாய்யா ஆர்லின்! கோட்டைக் கழட்டு, உள்ளே ஜூலை மாசம் நடக்குது. என்ன, கோப்பு கனமா இருக்கு? லாட்டரி விழுந்துச்சா?"

"ராத்துக்கு மாத்தினேன்."

"யாரு, நீயா? போன வருஷம் பதினோரு டாலர் வட்டிக்கு இந்த அலட்டு அலட்டினே!" ரஸ் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைத் தட்டினார். "வெறும் மாத்தம்னா வெர்னா பாத்துக்குவாங்க. ஆனா அந்தக் கணக்குல வரி கட்டின பணமும் கலந்து கிடந்துச்சுன்னா இங்க முடியாது. எங்க பரீட்சைல அது கிடையாது, தொடவும் கூடாது. காசு குடுத்துக் கணக்கர்கிட்டத்தான் போகணும். இருக்கா அந்த மாதிரி?"

ஆர்லின் அட்டையைப் படித்தார். சிவப்பு எழுத்தில் தெளிவாகவே இருந்தது.

"இல்ல" என்றார்.

கழற்றச் சொன்ன கோட்டை அவர் கழற்றவில்லை. கழிப்பறைக்குப் போய் 1996ஐ மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணக்கை அவர் மனதிலேயே போட்டுவிட்டார். அந்தத் தாளைக் காட்டாவிட்டால், ஏற்கனவே வரி கட்டிய பணத்துக்கு இன்னொரு முறை கட்ட வேண்டும். நூறு டாலர் சுமாருக்குத் தண்டம். வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு ஆறு வாரத்துக்கு நிறுத்தினால் சரியாகிவிடும்.

"ஸ்ப்ரூஸ் தெருவுலதான் இன்னும் இருக்கீங்களா, ஆர்லின்?" என்றாள் வெர்னா.

இந்த முறை அவர் நாற்காலி சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. கணினித் திரையின் ஓரம் தெரிந்தது. அதில் போன வருஷத்து அவருடைய கணக்கு திறந்திருந்தது. கோசிக், ஆர்லின், 418 ஸ்ப்ரூஸ் தெரு. பதினோரு டாலர் வட்டி. ஐந்து வருஷமாக அந்த அம்மாள் தன்னை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஞாபகம் வைத்திருந்தது அந்தக் கணினிப் பெட்டி. அவள் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அணில் பதிலைச் சொன்னார். அவள் சிரித்தாள். முதல் முறை கேட்கிற மாதிரியே சிரித்தாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆனாலும் பணம் மாற்றியதற்கான காகிதத்தைக் கண்டதும் வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட! இதெல்லாம் எப்போ? யாராவது யோசனை சொன்னாங்களா?" என்றாள். எதற்கு மாற்றினார், மிச்சம் எவ்வளவு இருக்கிறது, வாரிசு யார் என்று கேட்டாள். நாலாயிரம் படிவத்தில் எத்தனையாவது வரியில் ஏறும், அதனால் முதியோர் பணத்திலும் கொஞ்சத்துக்கு எப்படி வரி விழும் என்று பென்சிலால் படம் போட்டுக் காட்டினாள். ஓட்ஸ் பணியாரம் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. ஆர்லினுக்குக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்தது. ஆனால் அந்த வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த முப்பத்தைந்து நிமிஷம் வேறு கிடையாது.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள் வெர்னா. "வரி கட்டின பணத்தை எப்பவாவது இதுல போட்டீங்களா?"

"இல்ல."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "தொண்ணூறுகள்ல நீங்க ஆலைலதானே இருந்தீங்க?"

"ஒண்ணாம் நம்பர் இயந்திரம்."

"எங்க வீட்டுக்காரரு கார்ல் மூணாம் நம்பர். அந்த ஓவர்டைம் வருஷங்கள்ல அவருக்குச் சலுகை கிடைக்கல. ஆலைல சேமிப்புப் போட்ட ஒருத்தருக்கும் கிடைக்கல. வருஷா வருஷம் அந்தப் படிவத்தைப் போட்டுட்டு, சாப்பாட்டு மேசைல உக்காந்து கெட்ட வார்த்தை சொல்வாரு. உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

ஆர்லின் ஓட்ஸ் பணியாரம் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"ஆர்லின். அந்தத் தாள் இருக்கா, இல்லையா?"

அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. வெர்னா பிரித்துப் படித்தாள். முகம் சிவந்தது.

"தெரிஞ்சேதான் ஒளிச்சு வச்சீங்களா? இது உங்க பணம்யா! கட்டின வரியை மறுபடி கட்டுவீங்களா? இன்னிக்கு அப்படிப் பணம் இல்லன்னு எழுதினா, நாளைக்கு மிச்சத்தை எடுக்கறப்பவும் இல்லதான்."

"பரவால்ல. நூறு டாலர்தான்."

"உங்களுக்குப் பரவால்ல. தப்புன்னு தெரிஞ்ச கணக்கை நான் எழுதணுமா? முப்பது வருஷம் கோர்ட்ல உக்காந்தவ நான்!"

"அந்தத் தாளை நீங்க பாக்கலன்னு வச்சுக்கோங்க. இங்கேயே முடிச்சிரலாம்."

"ஏன்? கணக்கர்கிட்ட போனா என்ன, கடிச்சா வச்சிருவாரு?"

ஆர்லின் தன் கையைப் பார்த்தார். இயந்திரச் சத்தம் இருந்திருந்தால் அந்தக் கை எப்படியாவது சொல்லியிருக்கும்.

"போன வருஷம் க்ளென் யாங்கிக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு" என்றார். "எனக்குப் பன்னெண்டு நிமிஷம்."

வெர்னாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்தவர் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவள் மாதிரி பார்வையை எடுத்துக்கொண்டாள். "ரஸ்" என்று கூப்பிட்டாள்.

ரஸ் வந்தார், தாளைப் பார்த்தார், விசிலைத் தொட்டார், ஊதாமல் விட்டார். "என்னய்யா ஆர்லின், இல்லன்னியே?" என்றார் மெதுவாக. "கடைத்தெருக் கணக்கர் இருநூற்று எண்பது டாலர் வாங்குவாரு."

"மாத்தினதை வாபஸ் வாங்க முடியாதா?" என்று ஆர்லின் கேட்டார்.

"முன்ன முடியும். இப்போ சட்டம் மாறிருச்சு. மாத்தினா மாத்தினதுதான்."

வெர்னா திரையில் அன்று ஏற்றியதையெல்லாம் அழித்தாள். ஒவ்வொரு வரியாக அது காலியானதை ஆர்லின் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அலமாரியிலிருந்து வெற்றுப் படிவங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே போட்டுத் தபால்ல அனுப்பலாம். இந்த 8606ல எழுத வேண்டியது பதினெட்டே வரி. நீங்க முட்டாள் இல்ல." ஒரு பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள். "இந்த வருஷம் பூரா அந்தக் கணக்கைத் தொடாம விட்ருங்க. எடுக்காதீங்க, மாத்தாதீங்க. அப்போ அடுத்த பிப்ரவரில இந்தப் படிவமே தேவைப்படாது. இங்க வரலாம்."

ஆர்லின் அச்சு இயந்திரம் ஓடாமலேயே அன்றைக்குப் படி ஏறினார்.

மூன்று நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். விளக்கப் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்தார். முப்பத்தாறாயிரம் மிச்சம், மாற்றியது நாலாயிரம், ஆக நாற்பதாயிரம். அதில் வரி கட்டிய பணம் ஆறாயிரம், நூற்றுக்குப் பதினைந்து. ஆகவே நாலாயிரத்தில் அறுநூறுக்கு வரி இல்லை. மூவாயிரத்து நானூறுக்கு உண்டு. வரி கட்டிய பணத்தில் மிச்சம் ஐயாயிரத்து நானூறு, பிற்காலத்துக்கு. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. ஆலையில் காகிதம் அறுபடாமல் ஓடுகிற மாதிரி பொருந்தியது. ஜன்னல் பக்கம் திரும்பி, "அறுநூறு" என்று சத்தமாகச் சொன்னார். அணில் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போயிற்று.

தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாக அனுப்பினார். "உள்ளே முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று வழக்கப்படி கேட்டார்கள். "பதினெட்டு வரி" என்றார். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலையில் மளிகைக் கடையில் வெர்னா தள்ளுவண்டியோடு எதிரே வந்தாள். சோள ரொட்டி மாவு அடுக்கின் அந்தக் கோடியில் அவளும், இந்தக் கோடியில் அவரும். அவரைப் பார்த்தாள். பார்த்ததும் வண்டியைச் சட்டென்று நாய்த் தீனிப் பக்கம் திருப்பினாள். வெர்னா வீட்டில் நாய் கிடையாது. கோழிகள்தான்.

இன்னொருவராக இருந்தால் மனசு உடைந்திருக்கும். ஆர்லினுக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். கையில் கணினி இல்லை, திரை இல்லை, போன வருஷத்துக் கணக்கு இல்லை. இருந்தும் அந்த அம்மாளுக்கு அவரை இன்னார் என்று தெரிந்திருக்கிறது. தெரியாத ஆளைப் பார்த்து யாரும் நாய்த் தீனி வாங்க ஓட மாட்டார்கள். அன்றைக்கு அவர் தேவையில்லாமல் ஒரு பூசணிப் பணியாரம் வாங்கி, வீட்டுக்கு வந்து முழுதும் தின்றார்.

வருஷம் முழுவதும் கணக்கைத் தொடவில்லை. ஆகஸ்டில் தண்ணீர் சூடாக்கும் கொதிகலன் வெடித்தபோதுகூட, வங்கிக்குப் போகாமல், ஒன்பது வாரம் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் குளித்தார். உடம்பு பாதி வெந்தது, பாதி வேகவில்லை என்று பல் மருத்துவரிடம் சொன்னார். பல் மருத்துவர் வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்.

பிப்ரவரி முதல் செவ்வாய். வாசலில் ரஸ் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டினார். "போன வருஷம் நீ இங்க போடலல்ல? ஒரு வருஷம் விட்டா இந்தப் பெட்டி ஆளையே மறந்துரும்யா. சரி போ, மூணாம் மேசை காலி."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். ஆர்லின் கோப்பைத் திறந்து, போன வருஷம் தான் கையால் எழுதியதன் நகலை மேலாக வைத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினெட்டு வரியையும் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தின வரியில் பென்சில் நின்றது.

"அறுநூறு" என்றாள்.

"அறுநூறு" என்றார் ஆர்லின்.

"சரியா இருக்கு." நகலை நேராக அடுக்கி வைத்தாள். பிறகு திரையை அவர் பக்கமும் தெரிகிற மாதிரி திருப்பினாள். கட்டம் கட்டமாக எல்லாம் வெறுமையாக இருந்தது. பெயர்கூட இல்லை.

"இதுல உங்களப் பத்தி ஒண்ணுமே இல்ல, ஆர்லின். எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கேட்டுத்தான் ஏத்தணும். நேரம் ஆகும்."

ஆர்லின் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

"கேளுங்க" என்றார்.